அடுக்குக் கேக் சரியாமல் இருக்க



சில மாதங்களுக்கு முன்பு, ஏலூரிலுள்ள எங்கள் இல்லத்திலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஒரு கேக் புறப்பட்டது. பிழைப்புக்காக நெல்லைச் சீமையைவிட்டு வந்து, அங்கேயே முதுமையடைந்த ஒரு தம்பதியரின் ஐம்பதாவது திருமண நாள் அது. அவர்கள் திருமணத்தில் கேக் வெட்டியதில்லை. ஆகவே என் மனைவி இரண்டு நாட்கள் பாடுபட்டு, மூன்று அடுக்குகளாக ஒன்றைச் செய்திருந்தாள். ஆட்டோவில் அதை மடியில் ஏந்தி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாகப் பயணம் செய்தோம். பெட்டியைத் திறந்தபோது மேலடுக்கு வழுக்கி இறங்கி, அட்டையின் ஓரத்தில் சாய்ந்து நின்றது. "அதுக்கென்னம்மா, ருசி மாறிருமா?" என்று அந்த அம்மாள் தேற்றினார்கள். ஆயினும் என் மனைவி அன்று ஒரு துண்டையும் வாயில் வைக்கவில்லை.

இன்று அநேக சகோதரிகள் வீட்டிலேயே கேக் செய்கிறார்கள். சிலருக்கு அது குடும்ப வருமானமாகவும் இருக்கிறது. சரிந்த கேக்குக்கு யாரிடம் பணம் கேட்பது? அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

கேரளத்தின் பழைய கிறிஸ்துமஸ் கேக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 1883-ஆம் ஆண்டு தலச்சேரியில் மம்பள்ளி பாபு என்பவர், மர்டாக் பிரவுன் என்னும் பிரிட்டிஷ் தோட்ட முதலாளி கொடுத்த மாதிரியைப் பார்த்து ஒரு பிளம் கேக்கைச் செய்தார் என்பது இங்கே பலரும் அறிந்த வரலாறு. அது பழங்கள் நிறைந்த ஒரே கட்டி. இடையில் கிரீம் கிடையாது. சரிவதற்கு அடுக்கும் கிடையாது. நம்முடைய சீதோஷ்ணத்துக்கு ஏற்றது அதுவே. கிரீம் வைத்த அடுக்குக் கேக்கோ குளிர்ந்த நாடுகளின் பழக்கம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரியில் உருகிவிடும். அதற்கு வெகு முன்பே குழைந்து, பிடிப்பை இழக்கும். கொச்சியில் ஆண்டின் பெரும்பாலான நாட்களில் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தொடுகிறது. காற்றின் ஈரமோ சர்க்கரை ஐசிங்கை வியர்க்கச் செய்கிறது.

எங்கள் முதல் தவறு அவசரம். கேக்கின் மேற்புறம் ஆறியிருந்தாலும் நடுவில் சூடு தங்கியிருக்கும். அந்தச் சூடு கிரீமை உள்ளிருந்தே இளக்கிவிடும். முந்தின நாளே சுட்டு, நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாமல் சுற்றி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்த கேக்கை உதிராமல் வெட்டவும் முடியும்.

அடுத்தது சமதளம். வெந்த கேக் நடுவில் மேடிட்டிருக்கும். அந்த மேட்டின்மேல் அடுத்த அடுக்கை வைத்தால் அது சறுக்குமரம்தான். பல்லுள்ள பிரெட் கத்தியால் மேட்டைச் சீவி எடுங்கள். கடைசி அடுக்கை மட்டும் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால், தட்டையான அடிப்பாகம் மேலே வந்துவிடும். கேக் வைக்கும் அட்டையிலும் ஒரு கரண்டி கிரீமைத் தடவிக்கொள்ளுங்கள். அடிப்பாகம் நகராமல் ஒட்டிக்கொள்ளும்.

கிரீமைக் குறித்து ஒரு வார்த்தை. கடைகளில் சிறு பெட்டிகளில் விற்கும் ஃப்ரெஷ் கிரீமில் கொழுப்பு சுமார் 25 சதவீதமே. அதை எவ்வளவு அடித்தாலும் கெட்டியாகி நிற்காது. தாவரக் கொழுப்பில் செய்த விப்பிங் கிரீம்தான் நம் வெயிலில் ஓரளவு தாங்குகிறது. அதன் சுவை எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அது நிற்கிறது, என்ன செய்வது? அதையும் உறைநிலையிலிருந்து குளிர்சாதனப் பெட்டிக்கு மாற்றி, மெதுவாக இளகவிட்டு, குளிர் மாறாதபோதே அடிக்க வேண்டும்.

இடையிலுள்ள பூச்சு கால் அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். மென்மைக்காகச் சர்க்கரைப் பாகை ஊற்றி நனைக்கிறவர்கள் அளவோடு ஊற்றவேண்டும்; சொட்டச் சொட்ட நனைந்த அடுக்கு நிற்காது. அன்னாசித் துண்டுகளைச் சாறு வடியவிட்டுப் பயன்படுத்துங்கள். ஜாம் வைப்பதானால், ஓரத்தைச் சுற்றிக் கெட்டியான கிரீமால் வரப்புக் கட்டிவிட்டு, அதற்குள் ஜாமைப் பரப்புங்கள். வயலில் நீரைத் தேக்குவது போலத்தான் இது. இலங்கையிலுள்ள நம் மக்கள் பிறந்தநாளுக்குச் செய்யும் ரிப்பன் கேக்கைப் பாருங்கள். வண்ண அடுக்குகளுக்கிடையே வெண்ணெய் ஐசிங் மெல்லியதாகவே இருக்கும். கொழும்பின் வெயிலும் நம்முடையதைவிடக் குறைவல்லவே!

அடுக்கி முடித்ததும், வெளியே மெல்லிய பூச்சு ஒன்று கொடுத்து, அரை மணி நேரம் குளிரவிடுங்கள். அலங்காரமெல்லாம் அதன்பிறகுதான். தூரம் செல்லும் கேக்குக்குக் கழுவித் துடைத்த மூங்கில் குச்சிகள் நான்கை மேலிருந்து அடிவரை செங்குத்தாகச் செருகுங்கள். விளக்குமாற்று ஈர்க்கை நினைக்கவேண்டாம், அது வளையும்.

பயணத்தில் நாங்கள் செய்த தவறு மடிதான். மடியும் சாய்வானது, வாகன இருக்கையும் சாய்வானது. வண்டியின் தரையே சமதளம். ஈரத்துணியோ ரப்பர் விரிப்போ போட்டு, அதன்மேல் கேக்குக்கு நெருக்கமான அளவுள்ள பெட்டியை வையுங்கள். கேக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து வெளியே வருவது புறப்படும் நிமிடத்தில்தான். ஏலூரில் 2024 மார்ச் மாதத்திலும், மட்டாஞ்சேரியில் 2025 அக்டோபரிலும் வாட்டர் மெட்ரோ நிலையங்கள் திறக்கப்பட்டன. படகு மாறவேண்டியிருந்தாலும், குளிரூட்டப்பட்ட அந்தப் படகுகளில் சாலைப் பள்ளங்கள் இல்லை. அடுத்த முறை எங்கள் கேக் அவ்வழியேதான் போகும்.

இத்தனைக்குப் பிறகும் சரிந்துவிட்டதா? கேக் குளிர்ச்சியாக இருந்தால், இரு உள்ளங்கைகளாலும் மெல்லத் தள்ளி நேராக்கி, குச்சிகளைச் செருகி, மீண்டும் குளிரவையுங்கள். கிரீம் இளகிவிட்டிருந்தால் நிமிர்த்தப் பிரயாசப்படாமல், துண்டுகளாக்கிச் சிறு கிண்ணங்களில் பரிமாறிவிடுங்கள்.

வெட்டுவதற்கு முன் குச்சிகளை எண்ணி எடுத்துவிடுங்கள். முதல் துண்டுக்குக் கை நீட்டுகிறவர்கள் குழந்தைகள் அல்லவா?