‘அண்ணாச்சி, கிட்னிக்கு எந்த உப்பு நல்லது?’

காய்ச்சல்காரருக்குக் கஞ்சி வைக்க எந்த நொய், பிள்ளை பெற்றவளுக்கு எந்த மருந்துச் சாமான், சர்க்கரை உள்ளவருக்குக் கோதுமையா கேழ்வரகா என்று வாடிக்கையாளர்கள் நம் கல்லாவுக்கு எதிரே நின்று கேட்பது தலைமுறை தலைமுறையாக நடந்து வருவது. நாமும் நமக்குத் தெரிந்ததைச் சொல்கிறோம். அந்த நம்பிக்கைதான் நம் தொழிலுக்கு மூலதனம்.

அண்மைக் காலமாக வேறொரு கேள்வி அடிக்கடி வருகிறது. “அண்ணாச்சி, எங்க அப்பாவுக்குக் கிட்னி பாதிச்சிருக்காம். எந்த உப்பு வாங்கலாம்? பருப்பு போடலாமா? எந்தத் தானியம் நல்லது?” மற்ற கேள்விகளைப் போல இதற்கு நாம் சட்டென்று விடை சொல்லிவிடக் கூடாது. நல்லதென்று நினைத்துச் சொல்லும் ஒரு வார்த்தை, இந்த நோயில் உயிருக்கே உலையாகக் கூடும். ஏன் என்பதை நம் வணிக அன்பர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

கழிவுக் கணக்கு

நம் உடலில் இரண்டு சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். இவை நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப இரத்தத்தில் சேர்த்து, வேண்டாததை ஒன்றரை, இரண்டு லிட்டர் சிறுநீராக வெளியேற்றுகின்றன. நாம் உண்ணும் உப்பில் உள்ள சோடியம், காய்கனிகளில் உள்ள பொட்டாசியம், பால், பருப்பு, இறைச்சியில் உள்ள பாஸ்பரஸ், புரதம் செரித்தபின் மிஞ்சும் யூரியா ஆகியவற்றில் மிகுதியானதை வெளியே தள்ளுவது இவற்றின் வேலை.

இந்த வடிகட்டிகள் மெல்ல மெல்லச் செயலிழந்து, மூன்று மாதங்களுக்கு மேலாகவும் பாதிப்பு நீடிப்பதையே நாள்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். நீரிழிவும் இரத்தக் கொதிப்புமே இதற்கு முதன்மைக் காரணங்கள். வடிகட்டும் திறனைக் கணக்கிட்டு இதை ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். அந்த அளவு 15-க்குக் கீழே போனால் ஐந்தாம் நிலை. டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சு பெரும்பாலும் அங்கேதான் வரும்.

வரவு குறையாமல் வந்துகொண்டே இருக்க, வெளியே போகும் வழி மட்டும் அடைபட்ட கிடங்கை நினைத்துப் பாருங்கள். எந்தச் சரக்கு தேங்கியிருக்கிறது என்று பார்த்துத்தானே கொள்முதலைக் குறைப்போம்? இங்கேயும் அப்படியே. எதைக் குறைப்பது என்பதை இரத்தப் பரிசோதனை சொல்ல வேண்டும்.

ஒருவருக்கு மருந்து, மற்றவருக்கு நஞ்சு

ஒரு நோயாளியின் உணவுப் பட்டியலை இன்னொருவர் நகலெடுத்துக் கொள்வதுதான் பெரிய ஆபத்து. புரதத்தையே எடுத்துக்கொள்வோம். டயாலிசிஸ் தொடங்காத, மூன்றாம் நிலையிலோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.8 கிராம் என்பது 2024-இல் வெளியான பன்னாட்டு மருத்துவ வழிகாட்டு நெறி. 60 கிலோ எடையுள்ளவருக்கு 48 கிராம். ஆனால் டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்தச் சிகிச்சையிலேயே புரதம் இழப்பாகிறது. அவருக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை, அதாவது 60 முதல் 72 கிராம் வேண்டும். முதலாமவருக்குச் சொன்னதைக் கேட்டு இரண்டாமவர் பருப்பையும் முட்டையையும் ஒதுக்கினால் தசை கரைந்து படுத்துவிடுவார்.

48 கிராம் புரதம் என்றால் 48 கிராம் பருப்பு என்று சிலர் எண்ணிக்கொள்கிறார்கள். நூறு கிராம் துவரம்பருப்பில் புரதம் சுமார் 22 கிராம்தான். நூறு கிராம் அரிசியிலும் ஏழெட்டு கிராம் இருக்கிறது. இதையெல்லாம் கூட்டிக் கணக்குப் போடத் தெரிந்தவர் உணவியல் நிபுணர் ஒருவரே.

தண்ணீரும் அப்படித்தான். “நிறையத் தண்ணி குடி, கிட்னி சுத்தமாகும்” என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. சிறுநீர் குறைந்துபோன நோயாளி அதைக் கேட்டு நடந்தால் கால் வீங்கி, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். எவ்வளவு குடிக்கலாம் என்பதை மருத்துவர் அளந்து சொல்வார்.

உப்பு விஷயத்தில் உஷார்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு. சிறு தேக்கரண்டி ஒன்று. சிறுநீரக நோயாளிக்கும் ஏறத்தாழ அதே வரம்புதான். ஊறுகாய், கருவாடு, மோர் மிளகாய், வடகம், அப்பளம், மிக்சர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். அப்பளக்காரம், ஆப்ப சோடா, அஜினோமோட்டோ இவற்றிலும் சோடியம் உண்டு என்பதைப் பலர் அறியார்.

“அப்படியானால் இந்துப்பு கொடுங்கள்” என்பார்கள். இந்துப்பும் பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான். இளஞ்சிவப்பு நிறத்தால் அது நோய்க்கு ஏற்றதாகிவிடாது.

அடுத்தது, ‘சோடியம் குறைந்த உப்பு’ என்ற பாக்கெட். நம் கவனம் முழுவதும் இருக்க வேண்டிய இடம் இதுவே. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். பொட்டாசியம் குளோரைடின் எடையில் பாதிக்கு மேல் பொட்டாசியமே. சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கு இது நன்மை செய்யலாம். சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி, இதயத் துடிப்பு தாறுமாறாகி, முன்னறிவிப்பின்றி நின்றும் போகலாம். 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய உப்பைப் பற்றி வெளியிட்ட வழிகாட்டுதலில், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தப் பரிந்துரை பொருந்தாது என்று விலக்கியே வைத்திருக்கிறது.

நமக்குத் தெரிந்த மளிகை வணிகர் ஒருவர். பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சிறுநீரகம் நான்காம் நிலைக்கு வந்துவிட்டது என்று மருத்துவர் சொன்னதும் மனிதர் பயந்துபோய்க் கண்டிப்பாகப் பத்தியம் இருக்கத் தொடங்கினார். யாரோ சொன்னார்கள் என்று சோடியம் குறைந்த உப்பு. அதையும் தம் கடை அலமாரியிலிருந்தே எடுத்துக்கொண்டார். வேறொருவர் சொன்னபடி நாள்தோறும் இளநீர். கொழுந்தியாள் வீட்டிலிருந்து கீரை சூப். மூன்று வாரத்தில் ஒரு காலைப்பொழுதில் கால்கள் துவண்டு கடைப்படி ஏற முடியவில்லை. மருத்துவமனையில் பார்த்தபோது, இயல்பாக 5-ஐ ஒட்டிய அளவுக்குள் நிற்க வேண்டிய பொட்டாசியம் 7-ஐத் தாண்டியிருந்தது. அவசர டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். அவர் வாயைக் கட்டாதவர் அல்லர்; கட்டுப்பாட்டில் யாருக்கும் குறைந்தவரும் அல்லர். வழிகாட்டியவர்கள்தாம் அவருடைய இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்க்காதவர்கள்.

இளநீரும் பழமும்

இளநீரில் நூறு மில்லி லிட்டருக்குச் சுமார் 200 முதல் 250 மில்லி கிராம் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயில் 300 மில்லி லிட்டர் நீர் இருந்தால் 600 முதல் 750 மில்லி கிராம் ஒரே மூச்சில் உள்ளே போகிறது. வாழைப்பழம், உலர் பழங்கள், பழச்சாறு, கீரை சூப் இவையும் பொட்டாசியம் மிகுந்தவை.

இதைப் படித்துவிட்டுச் சிறுநீரக நோயாளிகள் எல்லோருக்கும் பழமே கூடாது என்று நாம் சொல்லத் தொடங்கினால் அதுவும் தவறு. இரத்தத்தில் பொட்டாசியம் சரியான அளவில் உள்ளவர் காய்கனிகளை ஒதுக்கத் தேவையில்லை. உயர்ந்திருப்பவருக்கும் வழி உண்டு: காய்களைச் சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பகுதி வெளியேறிவிடும். அந்த வடிநீரை ரசத்திலோ சூப்பிலோ சேர்த்தால் பயனில்லை.

ஒரு பழத்தை மட்டும் சிறுநீரக நோயாளிகள் தொடவே கூடாது. வெட்டினால் நட்சத்திர வடிவம் காட்டும் ஸ்டார் ஃப்ரூட்தான் அது. அதிலுள்ள கேரம்பாக்ஸின் என்ற நச்சுப்பொருளைப் பிரேசில் ஆய்வாளர்கள் 2013-இல் கண்டறிந்து வெளியிட்டார்கள். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது மூளையைத் தாக்கி, விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு வரை கொண்டுபோகும். பழ வணிக அன்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

லேபிளில் ஒளிந்திருக்கும் எண்கள்

பருப்பிலும் தானியத்திலும் இயற்கையாக உள்ள பாஸ்பரஸில் பாதியளவுகூட உடலில் சேர்வதில்லை. தொழிற்சாலையில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகளோ ஏறக்குறைய முழுவதும் சேர்ந்துவிடும். கோலா பானங்கள், பதப்படுத்திய சீஸ், பதப்படுத்திய இறைச்சி, பேக்கிங் பவுடர் சேர்த்த பண்டங்கள், சிலவகை உடனடி உணவுகளில் இவை உண்டு. பாஸ்பரஸ் தேங்கினால் எலும்பு பலமிழக்கும். இரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு படியும்.

பாக்கெட்டின் பின்புறம் சேர்மானப் பட்டியலில் ஐ.என்.எஸ். எண்கள் இருக்கும். 338 முதல் 341 வரையும், 450, 451, 452 ஆகியவையும் பாஸ்பேட் வகை. 508 என்றால் பொட்டாசியம் குளோரைடு. 621 என்றால் மோனோசோடியம் குளுட்டமேட். சோடியம் அளவை ஊட்டச்சத்துப் பட்டியலில் அச்சிடுவது கட்டாயம். பொட்டாசியத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆகவே எண்களைத்தான் பார்க்க வேண்டும். இந்த எண்களை ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைக்கலாம்.

நாட்டு மருந்துச் சாமானும் வலி மாத்திரையும்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை தின்ற பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. 1993-இல் இச்செய்தி மருத்துவ உலகுக்கு வெளியாயிற்று. அரிஸ்டோலோக்கியா என்னும் செடியினத்தில் உள்ள அமிலமே காரணம் என்று பின்னர் உறுதியானது. அது புற்றுநோயையும் உண்டாக்கக் கூடியது. நம் நாட்டு மருந்துக் கடைகளில் உள்ள ஆடுதீண்டாப்பாளையும், ஈஸ்வரமூலியும் அதே இனத்தைச் சேர்ந்தவை. மூலிகை என்பதாலேயே தீங்கில்லை என்று சொல்லி விற்கக் கூடாது.

பெட்டிக்கடையில் வலி மாத்திரை கேட்டு வருவோரும் உண்டு. டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் நலிந்த சிறுநீரகத்தை மேலும் நலிவிக்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்து அது. மருந்துக் கடை உரிமம் இல்லாத நாம் விற்கவே கூடாது.

சரியான வழிகாட்டி யார்?

சிறுநீரகச் சிறப்பு மருத்துவரும், அவரோடு பணிபுரியும் உணவியல் நிபுணருமே. டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகிறவர்கள், “உணவுக்குத் தனியாக ஆலோசனை வேண்டும்” என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்காதவருக்கு அச்சடித்த பொதுத் தாள் ஒன்றுதான் கிடைக்கும்.

போகும்போது மூன்றைக் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள். ஒன்று, கடைசி இரத்த, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு. இரண்டு, மூன்று நாள் சாப்பிட்டதை அப்படியே எழுதிய தாள். மூன்று, வீட்டில் பயன்படுத்தும் உப்பு, சத்துமாவு, புரத மாவு, லேகியம் ஆகியவற்றின் பாக்கெட்டுகள். நிபுணரிடம் கேட்க வேண்டியவை: எனக்குச் சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ், புரதம், தண்ணீர் ஒவ்வொன்றும் எவ்வளவு? அடுத்த பரிசோதனை எப்போது? அதன்பின் பட்டியல் மாறுமா?

வேறு எவர் யோசனை சொன்னாலும் அதை உரசிப் பார்க்க ஓர் உரைகல் இருக்கிறது. பரிசோதனை முடிவைக் கேட்காமல் உணவு சொல்கிறாரா? எல்லா நிலைக்கும் ஒரே பத்தியம் என்கிறாரா? மருந்தை நிறுத்தச் சொல்கிறாரா? தாமே ஒரு பொருளை விற்கிறாரா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மருத்துவரைக் கேட்காமல் அந்த யோசனையை ஏற்க வேண்டாம்.

நம்மையும் கவனிப்போம்

காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு பத்துக்கு அடைக்கும் தொழில் நம்முடையது. நேரத்துக்குச் சாப்பாடில்லை, நடையில்லை. சர்க்கரையும் கொதிப்பும் நம்மிடம் தங்குவதில் வியப்பில்லை. சிறுநீரக நோய் தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. இந்த இரண்டில் ஒன்று உள்ளவர்கள் ஆண்டுக்கொரு முறை இரத்தத்தில் கிரியாட்டினின், சிறுநீரில் ஆல்புமின் என்ற இரு பரிசோதனைகளையும் செய்துகொள்ள வேண்டும். ஆண்டுக் கணக்கு முடிக்கிறோமே, அந்த வாரத்திலேயே இதையும் முடித்துவிடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, கொதிப்புக்கான மருந்துகள் வீடு தேடி வருவதையும் நம் கடை ஊழியர்களுக்குச் சொல்லுவோம்.

இனி, “கிட்னிக்கு எந்த உப்பு நல்லது?” என்று கேட்டு ஒருவர் வந்தால் நாம் சொல்ல வேண்டியது இதுதான்: “எந்த உப்பானாலும் குறைச்சலாப் போடுங்க. சோடியம் குறைஞ்ச உப்பை மட்டும் டாக்டரைக் கேக்காம வாங்காதீங்க. அவங்க எழுதிக் கொடுத்த சீட்டைக் கொண்டாங்க, அதன்படி சாமான் கட்டித் தர்றேன்.” ஒரு பாக்கெட் உப்பின் லாபம் சில ரூபாய். அந்த வாடிக்கையாளர் நலமாக இருந்தால் அவர் வீட்டு மாதச் சிட்டை இன்னும் பல ஆண்டு நம் கடைக்கு வரும்.