ஆரத்தித் தட்டிலும் விஞ்ஞானம் உண்டு

ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போய்வரும் நம் குடும்பங்களுக்கு இட்டார்சி நன்கு பழக்கமான ஜங்ஷன். அது இருக்கும் மாவட்டத்தின் பெயர் ஹோஷங்காபாத். 2022 முதல் நர்மதாபுரம். விஞ்ஞானக் கல்வியில் ஒரு பெரிய முயற்சி அங்கே 30 ஆண்டுகள் நடந்தது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

கிஷோர் பாரதி, ரசூலியாவிலுள்ள நண்பர்கள் கிராம மையம் என்ற இரு தொண்டு நிறுவனங்கள் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதைத் தொடங்கின. டில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும், பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானிகளும் துணை நின்றனர். 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பின்னர் பொறுப்பேற்றது.

ரயில்வே பணிமனையில் புதிதாகச் சேரும் பையனிடம் அரத்தைக் கொடுத்து இரும்பை ராவச் சொல்வோம்; ராவுவதற்கு இலக்கணம் ஒப்பிக்கச் சொல்வதில்லை. அந்தப் பள்ளிகளிலும் அதே முறைதான். நான்கு நான்கு பிள்ளைகளாக உட்கார்ந்து எளிய சாமான்களால் தாங்களே சோதனை செய்தனர். புத்தகத்தில் செய்முறையும் கேள்வியும் இருக்கும், விடை இராது. கண்டதை நோட்டில் எழுதி, மற்றக் குழுக்களுடன் ஒப்பிட்டு விவாதிக்க வேண்டும். தேர்வுக்குப் புத்தகத்தையும் நோட்டையும் கொண்டு போகலாம். 'சவாலிராம்' என்ற கற்பனை நண்பருக்குச் சந்தேகங்களைக் கடிதமாக எழுதினால் பதிலும் வரும்.

இதனால் நினைவாற்றல் உள்ளவனுக்கும் படித்த வீட்டுப் பிள்ளைக்கும் மட்டும் சொந்தமாக இருந்த வகுப்பு எல்லோருக்கும் உரியதாயிற்று. பயிரையும் பூச்சியையும் பற்றி வயலில் வேலை செய்யும் வீட்டுப் பெண் சொல்வதையும் வகுப்பு கேட்டது.

நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம் என்று வளரும் நம் பிள்ளைகள், புரியாத வரையறைகளை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். கையால் செய்து பார்த்ததை எந்த மொழியிலும் சொல்ல வரும்.

வீட்டிலேயே தொடங்கலாம். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பு கலக்கிறோம், சிவக்கிறது. (பான் கடையில் 'சூனா' என்று கேட்டால் கிடைக்கும். கண்ணில் படாமல் பெரியவர்களே கலந்து கொடுக்கவும்.) அதில் எலுமிச்சை பிழிந்தால்? சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல், சமையல் சோடா இவற்றைத் தனித்தனியாக மஞ்சள் நீரில் விட்டால்? முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள், பிறகு செய்யட்டும். காரத்தில் மஞ்சள் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகவே இருக்கும் என்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும், வேலைக்கு வரும் அம்மாளின் குழந்தையையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். ஆரத்தி கரைத்துப் பழகிய பாட்டிதான் அன்றைக்கு ஆசிரியை.

ஹோஷங்காபாத் திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. பிள்ளைகள் தேர்வில் பின்தங்குகிறார்கள் என்பது அப்போது எழுந்த புகார்களில் ஒன்று. மதிப்பெண் ஒன்றையே பெற்றோர் கேட்டால் பள்ளியும் அதை மட்டுமே கொடுக்கும். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், "இந்த மாதம் என் பிள்ளை எந்தச் சோதனையைத் தன் கையால் செய்தாள்?" என்றும் கேட்டு வைப்போம்.