டிப்ஸ் வேண்டாம் என்ற முதலாளி!

நியூயார்க் ஓட்டல்களில் ஒரு வேடிக்கை. பரிமாறுகிறவர் பாக்கெட்டில் டிப்ஸ் கொட்டும். அடுப்படியில் வேகிறவருக்கு அதில் பங்கு தரச் சட்டமே இடம் கொடுக்காது. ஓட்டல் அதிபர் டேனி மேயருக்கு மனசு கேட்கவில்லை. 2015-ல் 'எங்கள் ஓட்டல்களில் இனி டிப்ஸே வேண்டாம்' என்று அறிவித்தார். அதற்குப் பதில் மெனுவில் விலையை ஏற்றி, எல்லோருக்கும் நல்ல சம்பளம்!

நல்ல காரியம்தானே சார்? ஆனால், 100 டாலருக்குச் சாப்பிட்டு 20 டாலர் டிப்ஸ் வைக்கிற அதே ஆசாமி, மெனுவிலேயே 120 என்று பார்த்தால் 'அடேயப்பா!' என்று பக்கத்து ஓட்டலுக்கு நடையைக் கட்டுகிறார். டிப்ஸ் போன கடுப்பில் சர்வர்கள் பலரும் வேறு இடம் பார்த்துக் கிளம்பினார்கள். 2020-ல் கொரோனா கடையைச் சாத்த வைத்தது. திரும்பத் திறந்தபோது, டிப்ஸும் திரும்பி வந்துவிட்டது.

நல்ல சம்பளத்தை ஒரு கடை மட்டும் கொடுத்தால் நஷ்டம். தெருவே கொடுத்தால் அதுதான் மார்க்கெட் ரேட்!