தாழ்ப்பாள் கழற்றிய குளியலறை

‘பிப்’ உதவித்தொகை கிடையாது என்ற கடிதம் வீட்டுக்கு வந்துசேர்ந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டனில் உடல் குறைபாடோ நீண்டகால நோயோ உள்ளவர்களுக்காக 2013 ஏப்ரலில் தொடங்கிய தொகை இது. ஸ்காட்லாந்தில் மட்டும் இப்போது வேறு ஏற்பாடு. 16 வயதிலிருந்து ஓய்வூதிய வயதுவரை உள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம். வேலைக்குப் போகிறாரா, வங்கியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. சமைப்பது, குளிப்பது, உடுத்துவது, நடப்பது போன்ற காரியங்களை எப்படிச் செய்கிறார் என்பதற்குப் புள்ளி போடுகிறார்கள். 8 புள்ளி சேர்ந்தால் ஒரு தொகை. 12 சேர்ந்தால் அதைவிடக் கூடுதல்.

மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வது சட்டப்படி நோயாளிதான். ஆனால் தாள்களை அடுக்கி, தேதிகளை நினைவில் வைத்து, போனில் காத்துக் கிடப்பது பல வீடுகளில் கணவன் அல்லது மனைவி. பிப் தொடங்கிய அதே 2013 ஏப்ரலில், இத்தகைய வழக்குகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு செலவில் கிடைத்துவந்த சட்ட ஆலோசனை பெரும்பாலும் நின்றுபோனது. ‘சிட்டிசன்ஸ் அட்வைஸ்’ போன்ற அமைப்புகளும் சட்ட உதவி மையங்களும் இலவசமாகக் கைகொடுக்கின்றன. அவர்களிடம் நேரம் கிடைக்காதவர்களுக்கு, பகலில் பராமரிப்பவரே இரவில் வக்கீலாகவும் ஆக வேண்டியிருக்கிறது. இதை நியாயமான ஏற்பாடு என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி சட்டமோ படிவமோ அல்ல என்றே நினைக்கிறேன். துணைக்குத் தான் செய்வதை உதவி என்று அடையாளம் காண்பதுதான் கடினம்.

லண்டன் ஹரோவில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மனைவிக்கு வலிப்பு நோய். வாரத்தில் ஒருமுறையோ இருமுறையோ வரும். வருமுன் எந்த அறிகுறியும் காட்டாது. மதிப்பீட்டு அறிக்கை இப்படி இருக்கும்: பெரும்பாலான நாட்களில் வலிப்பு இல்லை, கைகால் நன்றாக இயங்குகின்றன, சமைக்கிறார், குளிக்கிறார். புள்ளி 0. அந்த அறிக்கையில் கணவரைக் காணோம். அடுப்பு எரியும் நேரத்தில் அவர் சமையலறையை விட்டு நகர்வதில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை என்றோ கழற்றிவிட்டார். மனைவி உள்ளே இருக்கும்போது கதவுக்கு வெளியே நின்று தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். மனைவி கழிப்பறைக்குப் போனாலும் அவர் காது அங்கேதான் இருக்கும். இதெல்லாம் பழகிப்போய், அது ஒரு வேலை என்ற எண்ணமே இருவருக்கும் இல்லை. சமைப்பதில் சிரமம் உண்டா என்று படிவம் கேட்டால், “பெரிதாக இல்லை, சமாளிக்கிறோம்” என்று எழுதிவிடுவார்கள்.

இப்போது விதிப்புத்தகத்தை வைத்துக் கணக்குப் போடுவோம். சமைக்கும்போது ஒருவர் கூடவே கவனித்திருக்க வேண்டும் என்றால் 4 புள்ளி. குளிக்கும்போது என்றால் 2. கழிப்பறைக்கும் 2. மொத்தம் 8. தொகை கிடைக்க வேண்டிய வீடு அது.

ஒரு காரியத்தைச் செய்ய முடியும் என்று சொல்ல, அதைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க விதத்திலும், வேண்டியபோதெல்லாம் மறுபடியும், நியாயமான நேரத்துக்குள்ளும் செய்ய முடிய வேண்டும் என்கிறது விதி. நியாயமான நேரம் என்பது, குறைபாடு இல்லாதவர் அதிகபட்சம் எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்கு வரை. பாதிக்கும் மேற்பட்ட நாட்களில் அப்படிச் செய்ய முடியாத நிலை இருந்தால்தான் புள்ளி. வலிப்பு நோயாளிகள் தடுக்கி விழுந்தது இந்தக் கடைசி நிபந்தனையில்தான். பாதி நாட்களுக்கு மேல் வலிப்பு வருவதில்லையே என்று தள்ளிவிட்டார்கள். 2017 மார்ச்சில், இத்தகைய வழக்குகளில் இரண்டாம் மேல்முறையீட்டைக் கேட்கும் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் இதைத் திருத்தினார்கள். ஆபத்து எத்தனை முறை நேரும் என்பதோடு, நேர்ந்தால் எவ்வளவு கொடியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். கொதிக்கும் எண்ணெய் முன்னால் ஒரே ஒரு வலிப்பு போதும். அது எந்த நாளில் வரும் என்று தெரியாதபோது, கவனிப்பு எல்லா நாளும் தேவைப்படுகிறது. பிப் வழங்கும் அரசுத் துறையும் இந்தத் தீர்ப்பை ஏற்றுத் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது.

ஆக, சட்டம் இடம் கொடுக்கிறது. சொல்லத்தான் ஆள் வேண்டும். லண்டனில் உள்ள ஈழத்தமிழ்க் குடும்பங்களில் இதற்கு இன்னொரு தடையும் உண்டு. “மனுசிக்குச் செய்யிறதையெல்லாம் வெளியாக்களுக்கு எழுதிக் குடுக்கிறதே?” என்ற கூச்சம். கணவரைக் கழிப்பறைக்குக் கூட்டிப்போகும் மனைவிக்கு அந்தக் கூச்சம் இன்னும் அதிகம். அது மரியாதையிலிருந்து பிறக்கும் கூச்சம், அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் எழுதாத உதவிக்குப் புள்ளி கிடையாது.

வீட்டுக்குள் நடக்கும் பராமரிப்பைக் கணக்கில் எடுக்காத பழக்கம் பிரிட்டிஷ் அரசுக்கும் இருந்தது. 1976-இல் பராமரிப்பவர்களுக்கென்று ஓர் உதவித்தொகை வந்தபோது, மணமான பெண்களுக்கு அது கிடையாது என்று சட்டமே சொன்னது. எப்படியும் வீட்டில்தானே இருப்பார்கள் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். தன் தாயைப் பராமரித்த ஜாக்கி டிரேக் என்ற மணமான பெண் இதை எதிர்த்தார். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போய், 1986 ஜூனில் அவர் வென்றார். கணவனோ மனைவியோ இன்று தன் உழைப்பைத் தாளில் எழுதிக் கொடுக்கத் தயங்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெண்மணியின் நினைவு வரும்.

நடைமுறைக்கு வருவோம். கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் முதலில் துறையிடமே மறுபரிசீலனை கேட்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதமாகவும் கேட்கலாம். அதிலும் மறுத்தால், இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேல்முறையீடு. கட்டணம் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கேட்டால் தருவார்கள். துணையின் சார்பில் நீங்கள் பேச அவர் கையெழுத்திட்ட ஒப்புதல் வேண்டும். தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத நிலையில் அவர் இருந்தால், அவர் சார்பில் செயல்பட உங்களை நியமிக்கும்படி துறையிடம் கேட்க வேண்டும். அது வேறு வழி.

நீங்கள் எழுதும் சாட்சிக் கடிதத்தில் நோயின் பெயரை ஒரு வரியில் முடித்துவிடுங்கள், அதைச் சொல்ல டாக்டர் இருக்கிறார். காலை எழுந்தது முதல் நீங்கள் செய்வதை எழுதுங்கள். நீங்கள் இல்லாத ஒரு நாளில் என்ன நடந்தது, வீட்டில் எதையெல்லாம் கழற்றினீர்கள், எதை எட்டாத இடத்தில் வைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். நல்ல நாட்களையும் சொன்னால்தான் மோசமான நாட்களை நம்புவார்கள்.

ஒன்றைக் கவனமாக மனத்தில் வையுங்கள். துறை முடிவெடுத்த நாளில் இருந்த நிலையைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். விசாரணை பல மாதங்கள் கழித்து வரலாம். அதற்குள் நோய் முற்றியிருந்தால் அதற்குப் புது விண்ணப்பம் போட வேண்டும். இந்த வழக்கில் சேராது. கையில் ஏற்கெனவே ஒரு தொகை இருந்து, கூடுதலுக்காகப் போகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இருப்பதைக் குறைக்கவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த நிலையில் ஆலோசகரைப் பார்க்காமல் போகாதீர்கள்.

விசாரணைக் கூடம் சினிமாவில் வரும் கோர்ட் போல இருக்காது. ஒரு மேசை, அதன் அந்தப் பக்கம் ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், உடல் குறைபாடு பற்றி நேரடி அனுபவம் உள்ள ஒருவர் என மூவர். போனிலோ வீடியோவிலோ நடப்பதும் உண்டு. தாள்களை மட்டும் வைத்து முடிவெடுக்கும்படியும் கேட்கலாம். ஆனால் நேரில் பேசுகிறவர்களுக்கே வெற்றி வாய்ப்பு அதிகம். விசாரணைவரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேல் விண்ணப்பதாரர் பக்கமே முடிந்துவருகின்றன.

அந்த மேசையில் பலர் செய்வது, துணையிடம் கேட்ட கேள்விக்குத் தாங்களே பதில் சொல்வது. அன்பில்தான் செய்கிறார்கள். ஆனால் மூவருக்கும் கேட்க வேண்டியது நோயாளியின் குரல். அவர் திணறட்டும், மறக்கட்டும், அதுவும் சாட்சிதான். உங்கள் முறை வரும். அப்போது வலிப்பு வந்தபின் அவருக்கே நினைவில் இல்லாத நிமிடங்களைப் பற்றிச் சொல்லுங்கள். அதைப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான். ஆங்கிலம் தடையென்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். செலவு உங்களுடையது அல்ல. அந்த வேலையை மகனிடமோ மகளிடமோ விடாதீர்கள். தந்தையின் கழிப்பறைச் சிரமத்தைப் பிள்ளை வாயால் சொல்லவைப்பது இருவருக்கும் வேதனை.

முடிவு அன்றே தெரியலாம், தபாலிலும் வரலாம். எதிராக வந்தால், ஒரு மாதத்துக்குள் காரணங்களை எழுத்தில் தரும்படி கேட்டுவிடுங்கள். மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அந்தத் தாள் வேண்டும். அங்கே சட்டப் பிழையை மட்டுமே பேச முடியும். எது சட்டப் பிழை, எது வெறும் கருத்து வேறுபாடு என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)