ஆடாமலே ஓர் ஆட்டம்!

"சீட்டுக்கட்டா? அதெல்லாம் நம்ம வீட்டு வாசப்படி ஏறக்கூடாது!" என்று முகம் சுளிக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! ஆடச் சொல்லவில்லை, படித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் தொழிலை நம்பிய ஊர்கள் எங்களுடையவை. ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் நாளெல்லாம் உட்காரும் பெண்கள் இங்கே ஏராளம். அப்படிச் சம்பாதித்த காசு செல்போன் ரம்மியில் கரைந்தால் எப்படி இருக்கும்?

"விட்டதைப் பிடிச்சுடறேன்னு சொல்லிச் சொல்லியே இன்னும் விடறாருக்கா" என்று பக்கத்து வீட்டுப் பெண் அழுதாள். என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. அந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். ரம்மியில் ஆரம்பித்து போக்கரில் போய் நின்றேன். ஒரு காசு வைத்து ஆடவில்லை. ஆனால் தொடர்கதைக்குக் காத்திருப்பதுபோல, மதியச் சமையல் எப்போது முடியும் என்று காத்திருந்து படித்தேன்!

புளியங்கொட்டைக் கணக்கு

கட்டில் 52 சீட்டு. இரண்டை எடுத்தால் ஜோடி சேர வாய்ப்பு எவ்வளவு? முதல் சீட்டு ராணி என்று வையுங்கள். மீதி 51 சீட்டில் ராணிகள் மூன்று. ஆக, 17-க்கு ஒன்று. பிள்ளைகளை 170 தடவை எடுக்கச் சொல்லி, ஜோடி வரும்போதெல்லாம் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பத்துக்குப் பக்கமாக வந்து நிற்கும். ஒரே ரகத்தில் ஆஸ், ராஜா, ராணி, ஜாக்கி, பத்து என ஐந்தும் கைக்கு வர வாய்ப்பு 6,49,740-க்கு ஒன்றுதான்!

நாணயத்துக்கு ஞாபகம் உண்டா?

"அஞ்சு ஆட்டம் தோத்தாச்சு, அடுத்தது நமக்குத்தான்." சீட்டாடுபவர்களைக் கவிழ்ப்பது இந்த நினைப்புதான். புதிதாகக் கலைத்த கட்டுக்குப் பழைய தோல்வி ஞாபகம் இருக்காது. "மூணும் பெண்ணாப் போச்சு, நாலாவது நிச்சயம் பையன்தான்" என்று மருமகளை வற்புறுத்தும் மாமியார் செய்வதும் இதே தப்புக் கணக்கு. நாலாவது தடவையும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான்.

இன்னொரு பாடம்: நல்ல முடிவு வேறு, நல்ல பலன் வேறு. பிள்ளை சாலையைப் பார்க்காமல் ஓடிக் கடந்து, ஒன்றும் ஆகாமல் வந்துவிட்டான். அதற்காக அவன் செய்தது சரியாகிவிடுமா?

சம கெட்டிக்காரிகள் நால்வர்

நாலு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள். ஆட்டம் நடத்துபவர் 100-க்கு 5 எடுத்துக்கொள்கிறார் என்றால் ஒரு ஆட்டத்துக்கு 20 ரூபாய். பத்து ஆட்டத்தில் 200. நால்வரும் சமமான கெட்டிக்காரிகள் என்றாலும், எல்லாருமாகச் சேர்ந்து 200 ரூபாய் தோற்றிருப்பார்கள். நிச்சயமாக ஜெயித்தவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

படித்தவர்கள் கதை

கணித மேதை வான் நியூமன் 1928-லேயே இப்படிப்பட்ட ஆட்டங்களைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். 1944-ல் மார்கன்ஸ்டர்னுடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தில் போக்கரையும் அலசினார். அது பொருளாதாரத்துக்கே புதுப் பாதை போட்டது. மனத்தத்துவம் படித்த எழுத்தாளர் மரியா கொன்னிகோவா, கட்டில் எத்தனை சீட்டு என்றே தெரியாமல் போக்கர் கற்கப் போனார். 2018-ல் ஒரு பந்தயத்தில் ஜெயித்தார். அதிர்ஷ்டத்தையும் மனித மனத்தையும் புரிந்துகொண்டதை 2020-ல் புத்தகமாக்கினார்.

அதற்காக நாமும் ஆட வேண்டுமா? வேண்டவே வேண்டாம். ரம்மியில் திறமைக்கே பெரும் பங்கு என்று சுப்ரீம் கோர்ட் 1967-ல் சொன்னது உண்மை. ஆனால் திறமையா, அதிர்ஷ்டமா என்று பாராமல், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடைசெய்து 2025 ஆகஸ்டில் பார்லிமென்ட் சட்டம் இயற்றியிருக்கிறது.

வீட்டில் ஒருவர் சிக்கினால்...

கடனை மறைப்பது, தூக்கமில்லாமல் போனும் கையுமாக இருப்பது, விட்டதைப் பிடிக்கத் துடிப்பது, இவையெல்லாம் அறிகுறிகள். உலக சுகாதார நிறுவனம் இந்தச் சூதாட்டப் பழக்கத்தை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆகவே திட்டுவதால் மட்டும் தீராது, வைத்தியம் வேண்டும். கடனை நீங்கள் அடைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணுக்குப் போன் செய்தால் இலவசமாக ஆலோசனை சொல்வார்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மருத்துவப் பிரிவும் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் புளியங்கொட்டைக் கணக்கைப் போட்டுக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். "அப்போ விட்டது விட்டதுதானா, அக்கா?" என்றார் கடைசியில். "ஆமாம் தம்பி, கையிலே மிச்சம் இருக்கிறதாவது நம்மோடது" என்றேன். மறுநாள் அவர் மனைவியே கூடவே இருந்து 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தாள்.

என் சீட்டுக்கட்டு இன்னும் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பந்தயம் கட்ட மட்டும் அதைத் தொடுவதில்லை!