இறக்கை தைத்த இரவு

சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தின் மூன்றாம் வாரத்தில், ஒரு நாள் மாலை மங்கிய பின், நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் அறைவீட்டுக்கு விரைந்து வந்தார். “சாமி, பூசை உதவிப் பையன்களின் வெள்ளை அங்கி ஒன்று இரவல் கிடைக்குமா?” என்றார். மறுநாள் பள்ளியில் கிறிஸ்து பிறப்பு விழாவாம். இளையவள் சம்மனசாம். செய்தி அன்று மாலைதான் வீடு வந்து சேர்ந்ததாம். மூத்தவன் இடையன், அவனுக்கு ஒரு துண்டும் ஒரு கழியும் போதும். சம்மனசுக்கு இறக்கை வேண்டுமே!

அங்கியை எடுத்துக் கொடுக்கையில் அவர் கண்களைக் கவனித்தோம். பல நாள் உறங்காத கண்கள். விசாரித்தோம். அரையாண்டுத் தேர்வுக்குப் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும். புத்தாடைக்காகத் தையற்கடைக்கு நடையாய் நடக்க வேண்டும். முறுக்கு, அதிரசம், கல்கல் செய்து அண்டை அயலார்க்குத் தட்டு அனுப்ப வேண்டும். ஊரிலிருந்து மாமியார் வருகிறார். இவற்றோடு பாடற்குழுப் பயிற்சி, கீத பவனி வருவோர்க்குக் காப்பி, குடில் போட்டி. கடைசி மூன்றும் நாம் சுமத்தியவை என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். முதற்பரிசு எவர்சில்வர் குடம் என்று பீடத்திலிருந்து முழங்கியதும் நாமே அன்றோ!

“இன்னும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரவில்லையே, அம்மா?” என்றோம்.

“முழங்காலிட்டால் தூங்கிவிடுவேன், சாமி” என்று சிரித்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

நள்ளிரவுத் திருப்பலியின் மறையுரை வேளையில் அவர் மகளின் தோளில் சாய்ந்து உறங்கக் கண்டோம். அவரை எவரும் எழுப்பிவிடலாகாதே என்பதுதான் நம் கவலையாய் இருந்தது.

புனித பிரான்சிஸ் அசிசியார் 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் சிற்றூரில் குடில் அமைத்தபோது, வைக்கோல் நிறைந்த தீவனத் தொட்டி, ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே அவருக்குப் போதுமாயிருந்தன. மக்கள் தீப்பந்தங்களோடு வந்தனர், திருப்பலி நடந்தது. அங்கே போட்டியும் இல்லை, குடமும் இல்லை.

அன்பர்களே, திருச்சபையின் நாட்காட்டியைச் சற்று உற்று நோக்குவோம். டிசம்பர் 25 வரை நடப்பது காத்திருக்கும் காலம். ஊதா உடையும் ‘உன்னதங்களிலே’ பாடாத ஞாயிறுகளும் அதைத்தானே உணர்த்துகின்றன? கொண்டாட்டக் காலம் 25-இல்தான் தொடங்குகிறது. சனவரி 1 வரை எண்கிழமை, அதனுள் திருக்குடும்ப விழா, பின்னர் திருக்காட்சி, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் அது நிறைவுறுகிறது. நாமோ காத்திருக்க வேண்டிய வாரங்களில் ஓடிக் களைத்து, கொண்டாட வேண்டிய வாரங்களில் படுத்துவிடுகிறோம். விண்மீன் விளக்கைக் கட்டியதும் தம் கடமை முடிந்ததென ஏணியிலிருந்து இறங்கும் குடும்பத் தலைவர்களுக்கு இந்த அலுப்பு விளங்குவது கடினம்!

பள்ளி விழாவை விடுமுறைக்குப் பின் தள்ள இயலாதுதான். ஆயினும் வேடம் இன்னதென்று இரு வாரம் முன்பே வீட்டுக்குச் சொல்லியனுப்பலாமே. பங்குக் காரியங்களை மாற்றுவதோ நம் கையில் உள்ளது. இவ்வாண்டு குடில்களைப் பார்வையிட டிசம்பர் 27-க்குப் பின்னரே வருவோம். பாவசங்கீர்த்தனம் கேட்க முதல் வாரத்திலிருந்தே மாலைதோறும் கோவிலில் இருப்போம். பரிசு அதே எவர்சில்வர் குடம்தான். ஆனால், குடிலைத் தந்தையரும் பிள்ளைகளுமே கட்டியிருக்க வேண்டும்.