வரலாற்று வகுப்பில் திரையும் சான்றும்

கல்லூரி மாணவர் பலர் வரலாற்றை ஆண்டுகளின் பட்டியலாகவே காண்கின்றனர். படவில்லைகள் மட்டும் இக்குறையைப் போக்கிவிடா. கரும்பலகையின் பணியையே அவை திரையில் செய்கின்றன. மூலச் சான்றை மாணவர் கைக்கே கொண்டு சேர்ப்பதைத்தான் தொழில்நுட்பத்தின் தலையாய பயனென நாம் கருதுகிறோம்.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பை எடுத்துக்கொள்வோம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களும் அதில் உள்ளன. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அக்காலத்து ஆங்கில இதழ் ஒன்றையும் தமிழ் இதழ் ஒன்றையும் திரையில் அருகருகே வைத்து, எச்செய்தி முதலிடம் பெற்றது, எது விடுபட்டது, யாரை நோக்கி எழுதப்பட்டது எனக் குழுக்களாக ஆராயச் செய்யலாம். கண்டவற்றை அனைவரும் எழுதக்கூடிய பகிர்வு ஏட்டில் பதிந்தால், பேசத் தயங்குவோரின் கருத்தும் அவையேறும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தேடலில் அகப்படாதது நிகழாதது ஆகிவிடாது. மங்கிய அச்சையும் சீர்திருத்தத்துக்கு முந்திய எழுத்து வடிவங்களையும் கணினி பிழைபடப் படிக்கக்கூடும். ஆங்கிலச் சொல்லை மட்டுமே தேடும் மாணவர்க்கு, தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்த நம் முன்னோரின் குரல் எட்டாமலே போகும். ஆதலால், தமிழ்ப் பக்கங்களை முழுமையாகப் புரட்டிப் படிக்கவும் நாம் பழக்க வேண்டும். வரலாற்று வகுப்பில் தமிழுக்கு இடம் கோர இதுவே வலுவான காரணமாகும்.